தலைமை என்னும் பாடம்: நாகமலையும் மயிலாடும்பாறையும்

1

பல்கலைக்கழகத்தை நடத்துகிறவருக்குத் தமிழில் நாம் வைத்திருக்கிற பெயர் துணைவேந்தர். அவருக்கு மேலே வேந்தர். அவர் மாநில ஆளுநர். 'சான்சலர்' என்ற சொல்லின் இலத்தீன் மூலத்தைத் தேடிப் போனால் அங்கே ராஜா யாரும் கிடையாது. நீதிமன்றக் கம்பித்தடுப்பின் பக்கத்தில் நின்ற சிப்பந்தியைத்தான் அந்தச் சொல் முதலில் குறித்தது. பிறகு எழுத்தர், அரசவைச் செயலர் என்று மெல்ல மேலேறியது. மொழிபெயர்க்கும்போது நாம் அந்தச் சிப்பந்தியை ஒரே தூக்காகத் தூக்கிச் சிங்காசனத்தில் உட்கார வைத்துவிட்டோம். அவருக்குக் கீழே இருக்கிற அவைகளுக்கும் ஆட்சிப்பேரவை, ஆட்சிக்குழு என்று பெயர் வைத்தோம்.

இதை வெறும் சொல் விளையாட்டாக நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தை நடத்துவது பற்றிய சொல்லாடலில் நம் கண் முன்னாலேயே நான்கு சொற்கள் வந்து போயிருக்கின்றன. 1960களில் ஆட்சி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நிர்வாகம். 1990ஐ ஒட்டி மேலாண்மை. இப்போது தலைமைத்துவ மேம்பாடு. முந்தைய சொல் முற்றாக அழியாமல் அடுத்ததற்கு அடியில் கிடக்கிறது. யாருக்கு அதிகாரம், அதிகாரம் உள்ளவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு இடத்தில் நகர்த்தி வைத்தது. கடைசிச் சொல்லில் அந்தக் கேள்வியே காணாமல் போய்விட்டது என்பது என் வாதம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அதுவும் துணைவேந்தர் அறையிலிருந்து பார்க்காமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற மயிலாடும்பாறையிலிருந்து.

2

பல்கலைக்கழகம் தேனி ரோட்டின் மேலேயே இருக்கிறது. மூல வைகை ஓடும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில், தென்னையும் இலவமும் நிற்கிற மயிலாடும்பாறையில் பஸ் ஏறினால், கடமலைக்குண்டு, ஆண்டிபட்டி, கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று வந்து, மதுரைக்குள் நுழையும் முன்பே நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பல்கலை நகர் வந்துவிடும். க.மயிலை ஒன்றியத்து ஆட்கள் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகும்போதெல்லாம் அதன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்தில் 'யுனிவர்சிட்டி' என்றால் வகுப்பறையும் இல்லை, நூலகமும் இல்லை. அது ஒரு ஜன்னல். மார்க் ஷீட், ஹால் டிக்கெட், புரொவிஷனல், ரீவேல்யூவேஷன். "ரிசல்ட்டு யுனிவர்சிட்டியில மாட்டிக்கிருச்சு" என்பார்கள். "படிச்சது உத்தமபாளையத்துல, பாஸாகுறது நாகமலையில" என்பார்கள். சட்டப்படி இது மிகச் சரியான வர்ணனை. இணைவுக் கல்லூரி பாடம் நடத்தும். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்தின் கையில். 1971இல் மதுரையில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிய பிறகு பாடமும் தபாலிலேயே வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த ஆசிரியர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் என்று பலருக்குப் பல்கலைக்கழகம் என்பது தபால்காரரும் ஒரு தேர்வு மையமும்தான்.

கல்லூரிகளும் யாரோ ஒரு வேந்தர் கொடுத்து வந்தவை அல்ல. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் வந்தது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கமே 1971இல் ஒரு கல்லூரியை ஆரம்பித்தது. அதே ஆண்டில் பெரியகுளத்தில் கன்னியர் நடத்தும் ஜெயராஜ் அன்னபாக்கியம் பெண்கள் கல்லூரி. தேனியில் நாடார் உறவின்முறை. ஆக ஒரு சமூகம், ஒரு சபை, ஒரு வியாபாரம், ஒரு பயிர் என்று ஒவ்வொன்றின் காசும் கௌரவமும் சேர்ந்து கட்டிய கல்லூரிகள் இவை. இப்படிப்பட்ட கல்லூரிகளில் முதல்வர் என்பவர் யார்? படிப்பு விஷயத்தில் அவருக்கு மேலே பல்கலைக்கழகம். சம்பள மானியத்துக்குக் கல்லூரிக் கல்வி இயக்ககம். மற்ற எல்லாவற்றுக்கும் தாளாளரோ செயலரோ. மூன்று பக்கமும் கயிறு கட்டிய மனிதரை ஒரு வாரம் உட்கார வைத்து, 'முடிவெடுக்கும் திறன்' பற்றி வகுப்பு எடுப்பதில் இருக்கிற நகைச்சுவை, வகுப்பு எடுக்கிறவருக்கு மட்டும் தெரிவதில்லை.

3

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானது. காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல். தொடக்கத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று தென்கோடி முழுவதும் அதன் எல்லை. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். 1971இல் மு.வரதராசன். 1979இல் வ.சுப.மாணிக்கம். இவர்கள் யாரும் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போனவர்கள் இல்லை. பிறகு எங்கே பயின்றார்கள்?

தெ.பொ.மீ. சட்டம் படித்தவர், மொழியியலாளர். மு.வ. திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் அந்த வேலையை விட்டு, தனியாகப் படித்து வித்துவான் ஆனார். பச்சையப்பன் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை என்று வந்து மதுரைக்கு வந்தார். வ.சுப.மா. சிறு வயதில் பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்தவர். முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்து வேலையை இழந்ததால் 'பொய் சொல்லா மாணிக்கம்' என்று பெயர் வாங்கியவர் என்று சொல்வார்கள். பின்னால் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் முதல்வராக இருந்தார்.

இவர்களைப் பற்றிப் பொற்காலக் கதை சொல்வது என் நோக்கம் இல்லை. சிபாரிசு, சாதிக்கணக்கு, கட்சிக்கணக்கு எல்லாம் அன்றும் இருந்தன. சென்னையில் ஆ.லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். ஒரே மனிதர் அவ்வளவு காலம் உட்கார்ந்திருப்பதை ஜனநாயகம் என்று யாரும் சொல்ல முடியாது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்தத் தலைமுறை ஏணியில் ஏறி வந்தது. கீழ்ப்படியில் இருப்பவனுக்கு ஒரு காகிதம் தாமதமானால் என்ன ஆகும் என்பது தாலுகா ஆபீசில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரியும். தலைமை என்பதைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கற்பிக்கக்கூடிய ஒரு சரக்காக அவர்கள் காலம் நினைக்கவில்லை. அதில் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. கெடுதல், யார் வருகிறாரோ அவர் குணத்தைப் பொறுத்து எல்லாம் அமைந்துவிடும். நன்மை, குணத்தைத் 'திறன்' என்று பெயர் மாற்றி விற்கும் ஏற்பாடு அன்றைக்கு இல்லை.

4

பயிற்சி எங்கிருந்து வந்தது? பூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்த வம்சாவளி வியப்பைத் தராது. 'ஸ்டாஃப் காலேஜ்' என்பது பட்டாளத்துச் சொல். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ஸ்டாஃப் காலேஜ் கொய்ட்டாவில் இருந்தது. 1947 பிரிவினையில் இந்தியாவின் பங்குக்கு நீலகிரி வெலிங்டனில் ஒன்று அமைந்தது. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, ராணுவத்தில் அதிகாரிகளைத் தயாரிப்பதுபோல் தொழில்துறைக்கும் அரசுக்கும் தயாரிக்க 1945இல் ஹென்லியில் நிர்வாக ஸ்டாஃப் காலேஜ் நிறுவப்பட்டது. அதைப் பார்த்து 1956இல் ஹைதராபாத்தில் ஒன்று. கல்விக்கு வரும்போது, யுனெஸ்கோ உதவியோடு 1962இல் டெல்லியில் தொடங்கிய ஆசிய மையம், கல்வித் திட்டமிடுவோருக்கும் நிர்வாகிகளுக்குமான தேசிய ஸ்டாஃப் காலேஜ் ஆகி, 1979இல் 'நீபா' என்று நாம் அறிந்த நிறுவனம் ஆனது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக்குழு நாடெங்கும் அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் திறந்தது. நாகமலையிலும் ஒன்று வந்தது. ஓரியன்டேஷன் 4 வாரம், ரெஃப்ரெஷர் 3 வாரம். பதவி உயர்வு வேண்டுமானால் போய்த்தான் ஆக வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார்கள்.

மேற்கிலும் இதே காலத்தில்தான் இது நடந்தது. அமெரிக்கக் கல்விக் கவுன்சில் 1965இலேயே வருங்காலக் கல்லூரித் தலைவர்களைத் தயாரிக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. தாட்சர் ஆட்சியில் 1985இல் வந்த ஜாரட் அறிக்கை, துணைவேந்தர் கல்வித் தலைவர் மட்டுமல்ல, ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகியைப் போன்றவர் என்று சொல்லியது. இங்கே 1990இல் பல்கலைக்கழக மானியக்குழு அமைத்த ஞானம் குழுவின் அறிக்கை 'புதிய கல்வி மேலாண்மை' என்ற தலைப்பைத் தாங்கி வந்தது. அக்குழுவின் தலைவர் அ.ஞானம் மதுரைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய அறிக்கையும் ஜாரட் அறிக்கையும் ஒன்றல்ல. ஆனால் 'மேலாண்மை' என்ற சொல் இந்த இடத்தில்தான் கல்விக்குள் சட்டபூர்வமாகக் குடியேறியது.

அதன் பிறகு பலகைகள் மாறிக்கொண்டே இருந்தன. அகடமிக் ஸ்டாஃப் காலேஜ் மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது. 2023இல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் மையம் ஆனது. அத்திட்டத்தின் எட்டுப் பொருள்களில் ஒன்று கல்வித் தலைமை, ஆளுகை, மேலாண்மை. 2019இல் மத்திய அரசு 'லீப்' என்ற திட்டத்தை அறிவித்தது. எதிர்காலத்தில் துணைவேந்தராகவோ பதிவாளராகவோ வரக்கூடிய இரண்டாம் நிலைக் கல்வியாளர்களுக்கு 2 வாரம் இந்தியாவில், 1 வாரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்சி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ஸ்டான்ஃபோர்டு என்று அப்பட்டியலில் பெரிய பெயர்கள்.

5

இனி நாகமலையில் அதே காலத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2012இல் நியமிக்கப்பட்ட துணைவேந்தரின் நியமனத்தை 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மாநில அரசு ஏற்காதவரை மானியக்குழுவின் 2010 விதிமுறை மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்பதே அங்கே பேசப்பட்ட விஷயம். 2017இல் வந்த வேறொரு துணைவேந்தரின் நியமனத்தை 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, புதிய தேடல் குழு அமைக்கச் சொன்னது. பத்தாண்டுக்குள் இரண்டு முறை 'தலைவர் யார்' என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தைத் தாங்கி நின்ற தொலைநிலைக் கல்வி வருமானம் சரிந்தது. 2024இல் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். அதே ஆண்டு துணைவேந்தர் காலம் முடியும் முன்பே விலகினார்; நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது.

இதில் எந்த ஒன்றாவது தலைமைத்துவப் பயிற்சி இல்லாததால் நேர்ந்ததா? நியமனம் சட்டச் சிக்கல். காசு, அரசு கைவிட்ட சிக்கல். ஒரு பல்கலைக்கழகத்தை அஞ்சல்வழி மாணவர்களின் கட்டணத்தில் பிழைத்துக்கொள் என்று பல ஆண்டுகள் விட்டுவிட்டு, அந்த வருமானம் நின்றதும் 'நிர்வாகத் திறமை போதவில்லை' என்று சொல்வது சுலபம். கட்டமைப்பின் நோயை மனிதரின் குறையாகப் பெயர்த்து எழுதுவதற்குத் 'தலைமை' என்ற சொல் மிகவும் தோதானது. மாக்ஸ் வெபர் விதிகளின் ஆட்சியையும் வசீகர ஆளுமையின் ஆட்சியையும் எதிரெதிராக வைத்தார். நாம் விதிகள் உடைந்து கிடக்கிற இடத்தில் வசீகரத்துக்கு வகுப்பு நடத்துகிறோம்.

நியமனச் சண்டையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மதுரையில் துணைவேந்தரைத் தேடும் மூவர் குழுவுக்குப் பேரவை ஒருவரையும் ஆட்சிக்குழு ஒருவரையும் வேந்தர் ஒருவரையும் தருவது நடைமுறை. அதாவது மூன்றில் இரண்டு இடம் பல்கலைக்கழகத்துக்கு உள்ளிருந்து. மானியக்குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் வேந்தரின் நியமனர் தலைவர், மானியக்குழுவின் நியமனர் ஒருவர், பல்கலைக்கழகத்துக்கு ஒருவர். மூன்றில் ஒன்று. பேராசிரியராக இல்லாமல் தொழில்துறையிலோ பொது நிர்வாகத்திலோ உயர் பதவியில் இருந்தவரும் துணைவேந்தர் ஆகலாம் என்று அதே வரைவு கதவைத் திறந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் அதே மாதம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்தி வைத்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களும் அவற்றில் அடக்கம். மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மாநில உரிமை என்ற தளத்தில் நான் ஆளுநர் பக்கம் நிற்க முடியாது; தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குப் பதில் சொல்லும் கடமையாவது இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை முழுவதும் வேந்தர் யார் என்பதைப் பற்றியே நடக்கிறது. கிண்டியா, கோட்டையா? பேரவையில் உட்கார வேண்டிய ஆசிரியர், பட்டதாரி, முதல்வர் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை. மயிலாடும்பாறையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன.

6

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நேற்றுவரை வேதியியல் நடத்தியவரை இன்றைக்கு முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தால் அவருக்குத் தணிக்கைத் தடை தெரியாது, பணிப்பதிவேடு தெரியாது, இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் தெரியாது. தெரியாததாலேயே தெரிந்த கிளார்க்கிடம் அல்லது தாளாளரிடம் அடமானம் ஆகிவிடுகிறார். சுழற்சிப் பட்டியலைத் தப்பாகப் போட்டால் ஒரு தலித் வேட்பாளரின் வேலை போய்விடும். இதைச் சொல்லித் தருவது அவசியமான காரியம். ஆனால் இதற்குப் பெயர் தலைமைத்துவம் இல்லை, வேலை தெரிவது. இதை முதல்வருக்கு மட்டும் சொன்னால் போதாது, தேர்வுப் பிரிவில் மேசை பார்க்கிற எழுத்தருக்கும் பிரிவு அலுவலருக்கும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஒரு வாரம் என்ற பட்டியலில் அவர்கள் பெயர் வருவதில்லை. எங்கள் பக்கத்துப் பையனின் மார்க் ஷீட் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குள் வருமா வராதா என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தப் பிரதேசத்தில் தலைமை வேறொரு பள்ளிக்கூடத்திலும் உருவாகியிருக்கிறது. அதை எந்தப் பயிற்சிக் கையேடும் சேர்ப்பதில்லை. மதுரைப் பல்கலைக்கழகப் பகுதியின் கல்லூரி ஆசிரியர் சங்கமான மூட்டாவைச் சொல்கிறேன். தனியார் கல்லூரி ஆசிரியரை நிர்வாகம் நினைத்தால் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் தெருவுக்கு வந்து போராடிய அந்தக் காலத்தின் பின்னணியில்தான் 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிய அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் ஆசிரியரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி ஆனது. அந்தப் போராட்டங்களில் துண்டறிக்கை எழுதியவர்கள், கிளைக்கூட்டம் நடத்தியவர்கள், அரசாணையை வரி வரியாகப் படித்து நிர்வாகத்தோடு வாதாடியவர்கள் பல்கலைக்கழகப் பேரவைக்கும் ஆட்சிக்குழுவுக்கும் தேர்தலில் நின்று போனார்கள். வரவு செலவு அறிக்கையை வைத்துக்கொண்டு துணைவேந்தரைக் கேள்வி கேட்டார்கள். கிராம்சி சொன்ன, தன் வர்க்கத்தின் வாழ்விலிருந்தே உருவாகும் அறிவாளிக்கு நம் பக்கத்து உதாரணம் தேடினால் இவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இவர்களுக்கும் எல்லை இருந்தது. சம்பளத்துக்காகப் போராடிய வேகம் பாடத்திட்டத்துக்காகப் போராடுவதில் பல சமயம் இல்லை. பணி நிரந்தரமானவரின் சங்கம், மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளரை வெகு காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. மாணவருக்கு அந்த அவைகளில் குரல் மிகக் குறைவு. இந்த விமர்சனங்களை வைத்துக்கொண்டே சொல்கிறேன்: கேள்வி கேட்கப்படும் இடத்தில்தான் தலைமை பழகிவருகிறது. தேர்தல் நடக்காத, உறுப்பினர் இடங்கள் காலியாகக் கிடக்கிற பேரவையின் முன்னால் உட்காரும் துணைவேந்தர் எந்த வெளிநாட்டில் பயின்று வந்தாலும் அவரைத் திருத்துவதற்கு அங்கே ஆள் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. பேரவைத் தேர்தல் காலத்தில் நடக்க வேண்டும். அதில் கௌரவ விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் அலுவலக ஊழியருக்கும் வாக்குள்ள இடம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் சம்பளச் செலவை அரசு நேராக ஏற்க வேண்டும். தேடல் குழுவில் பல்கலைக்கழகத்துக்குள்ள பெரும்பான்மை, வேந்தர் கிண்டியில் இருந்தாலும் கோட்டையில் இருந்தாலும், குறையக்கூடாது. பயிற்சி நடத்துங்கள், ஆனால் துணைவேந்தர், பதிவாளர், முதல்வர், பிரிவு அலுவலர், எழுத்தர் எல்லாரையும் ஒரே அறையில் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். பாடம் எடுக்க ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஜன்னலில் ஒரு காகிதத்துக்காக மூன்று தடவை பஸ் ஏறி வந்து திரும்பிப் போனவர் வருசநாட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார். முதல் வகுப்பை அவர் எடுக்கட்டும்.